பிக்கப் கேபினை வீட்டிலேயே தூக்குவது: ஜாக்கியா, கேன்ட்ரியா, ஹைட்ராவா?

காசிமேட்டில் மீன் ஏற்றும் பிக்கப்களின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தால், சென்னையில் கேபினைத் தூக்கும் வேலை ஏன் வருகிறது என்று புரிந்துவிடும். பெட்டியில் இருக்கும் ஐஸ் உருகி, உப்புத் தண்ணீராக, பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியின் சந்துகளில் இறங்கி, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். வண்டியின் வெளிப்பக்கத்தைத் தினமும் கழுவலாம். சேசிஸுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் ஒடுக்கமான இடைவெளியில் யார் கையும் போகாது. அங்கே சேறும் உப்பும் சேர்ந்து ஈரம் காயாமலே கிடக்கும். சில வருஷம் கழித்து, கேபினைச் சேசிஸ் மேல் தாங்கும் கேபின் ரப்பர் உட்காரும் பிராக்கெட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பொத்துக்கொண்டு உள்ளே போகும். மீனே ஏற்றாத வண்டியாக இருந்தாலும், எண்ணூரிலோ நீலாங்கரையிலோ நின்றால் கடல் காற்று அதே வேலையை மெதுவாகச் செய்யும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் மூழ்கி எழுந்த வண்டிகள் வேறு.

மடிப்பாக்கத்தில் இருக்கும் என் மச்சானின் பொலிரோ கேம்பர் இப்படி ஒரு நிலைக்கு வந்தபோது, "மச்சான், கேபினைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு சேசிஸை முழுசா பார்த்துடலாம், வீட்லயே" என்றார். அதற்காக ஒவ்வொரு வழியாக அலசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் இந்த வேலையில் இறங்க நினைக்கும் எல்லோருக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். கேபினைத் தூக்குவதற்குப் பத்து வழி இருக்கிறது. தூக்கிய கேபினை எந்த உயரத்தில், எதன் மேல், எத்தனை நாள் நிறுத்தப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்தப் பதில் கிடைத்தால் பத்தில் ஏழெட்டு வழி தானாக அடிபட்டுப் போகும்.

முதலில், தூக்கத்தான் வேண்டுமா?

அமெரிக்காவில் ஃபோர்டு சூப்பர் டியூட்டி பிக்கப்களின் 6.0 லிட்டர், 6.4 லிட்டர் டீசல் எஞ்சின்களில் ஹெட் கேஸ்கட் மாற்ற மெக்கானிக்குகள் கேபினையே தூக்கிவிடுவார்கள். அந்த வி8 எஞ்சினின் பாதி, கண்ணாடிக்குக் கீழே போய் ஒளிந்திருக்கும். பானெட்டைத் திறந்து வேலை செய்ய இடம் இருக்காது. யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நம் ஊர் பிக்கப்களில் பெரும்பாலும் இருப்பது நான்கு சிலிண்டர் எஞ்சின். ஹெட்டை மேலிருந்தே கழற்றலாம். கிளட்ச், கியர்பாக்ஸ் கீழே இறங்கும். இதற்கெல்லாம் கேபினைத் தொட வேண்டியதில்லை.

கேபின் ரப்பர் மட்டும் மாற்ற வேண்டுமென்றாலும் முழுதாகக் கழற்றத் தேவையில்லை. ஒரு பக்கத்து போல்ட்களை எடுத்துவிட்டு, எதிர்ப் பக்கத்து போல்ட்களைத் தளர்த்தி மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு ட்ராலி ஜாக்கியால் ஐந்து ஆறு சென்டிமீட்டர் தூக்கினால் ரப்பர் வெளியே வந்துவிடும். ஜாக்கிக்கும் கேபின் அடிக்கும் நடுவில் நீளமான பலகை கொடுத்தால் தகடு குழியாது. சேசிஸ் மேல் ஓடும் பிரேக் பைப், டீசல் பைப் மாற்றுவதற்கும் பெரும்பாலும் இவ்வளவு போதும்.

சேசிஸையே ஒட்ட வேண்டும், பிராக்கெட்டுகளை வெட்டிப் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும், மேல் பக்கம் முழுக்கச் சுரண்டி பெயின்ட் அடிக்க வேண்டும், அல்லது கேபினையே மாற்ற வேண்டும் என்றால்தான் முழுதாகத் தூக்கும் பேச்சு.

எல்லாவற்றையும் முடிவு செய்யும் உயரக் கணக்கு

கேபினைத் தூக்கிய பிறகு சேசிஸை அதன் அடியிலிருந்து உருட்டி வெளியே எடுக்க வேண்டும். எந்தப் பக்கம் உருட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து உயரம் மாறும். பின்னால் உருட்டினால் எஞ்சின் முழுதும் கேபினுக்கு அடியில் கடந்து போக வேண்டும். அதற்குக் கேபின் தரையை ஒரு மீட்டருக்கும் மேலே தூக்க வேண்டியிருக்கும். முன்னால் உருட்டினால் எஞ்சின் ஏற்கெனவே வெளியே இருக்கிறது. பின் டயர்கள் மட்டும் கடந்தால் போதும். 215/75 ஆர்15 டயரின் மொத்த உயரம் 70 சென்டிமீட்டர். இசுசு வி-கிராஸின் 18 அங்குல வீலில் வரும் 255/60 டயர் என்றால் 76. ஆகவே கேபினைத் தாங்கும் குறுக்குப் பைப்பின் அடிப்பக்கம் தரையிலிருந்து 80 சென்டிமீட்டரில் இருந்தால் டயர் இடிக்காமல் போகும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. வேலையை ஆரம்பிக்கும் முன்பே வண்டியை ரிவர்ஸில் போர்டிகோவுக்குள் விட்டு, முகம் கேட்டைப் பார்க்கும்படி நிறுத்த வேண்டும். அப்புறம், பின்னால் இருக்கும் தொட்டியையும், முன்னால் இருக்கும் ரேடியேட்டர், மட்கார்டு, பம்பர் எல்லாவற்றையும் முன்கூட்டியே கழற்றியிருக்க வேண்டும். தொட்டி இருந்தால் அதன் முன் சுவர் கேபினில் முட்டும். ரேடியேட்டர் கேபினோடு தொங்கினால் எஞ்சின் அதில் முட்டும்.

இனி மேலே எவ்வளவு போகும் என்று பாருங்கள். கேபினின் அடியிலிருந்து கூரை வரை ஏறக்குறைய 125 சென்டிமீட்டர். பைப்பின் அடி 80, பைப்பின் கனம் 10, கேபின் 125. கூரை நிற்கும் உயரம் 215 சென்டிமீட்டர், அதாவது ஏழு அடி. கூரைக்கு மேலே ஒரே கொக்கி போட்டு, பெல்ட்டைக் கூம்பு மாதிரி இறக்கித் தூக்குவதென்றால் பெல்ட்டுக்கும், சங்கிலியைக் கையால் இழுத்து எடை தூக்கும் செயின் பிளாக்குக்கும் சேர்த்து இன்னும் இரண்டரை அடியாவது வேண்டும். ஒன்பதரை அடி உயரத்துக்குக் கீழே அது நடக்காது. அடுக்குமாடி ஸ்டில்ட் பார்க்கிங்கில் பீமுக்குக் கீழே ஏழரை அடி கிடைத்தாலே பெரிது. அங்கே மேலிருந்து தூக்கும் எந்த வழியும் செல்லாது. டேப்பை எடுத்து முதலில் இதை அளந்துவிடுங்கள்.

எடைக் கணக்கும் ஒன்று உண்டு. கதவு, சீட்டு எல்லாம் எடுத்த சிங்கிள் கேபின் 200 முதல் 300 கிலோ என்றும், கதவோடு இருக்கும் டபுள் கேபினை 500 கிலோ என்றும் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கும் சாமான்களை அதற்கு இரண்டு மடங்கு தாங்கும்படி வாங்க வேண்டும். இந்த எடையில் பெரும்பகுதி முன்னால்தான் இருக்கும். டேஷ்போர்டு, ஸ்டியரிங் தண்டு, பிரேக் பூஸ்டர், ஏசி யூனிட் எல்லாம் அங்கேதானே இருக்கின்றன. நடுவில் கட்டித் தூக்கினால் மூக்கு கீழே சாயும்.

ஜாக்கியும் கட்டை அடுக்கும்

மேலே உயரம் இல்லாத இடத்தில் கீழிருந்து தள்ளுவதைத் தவிர வேறு வழி கிடையாது. ஒவ்வொரு பக்கமாக ஐந்து சென்டிமீட்டர் தூக்கி, கட்டை கொடுத்து, அடுத்த பக்கம் போக வேண்டும். இடைவெளி போதுமான அளவு வந்ததும் கேபினுக்கும் சேசிஸுக்கும் நடுவே இரண்டு இரும்பு பாக்ஸ் பைப்களைக் குறுக்கே நுழைத்து, அவற்றின் முனைகளை டயருக்கு வெளியே நான்கு கட்டை அடுக்குகளில் உட்கார வைக்க வேண்டும். பைப் எட்டு அடி நீளமாவது இருந்தால்தான் அடுக்கு டயர் பாதைக்கு வெளியே நிற்கும்.

செலவு மிகக் குறைவு. மரவாடியில் கனமான பழைய மரத்துண்டுகள் கிடைக்கும். குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அடுக்கின் அகலம் அதன் உயரத்தில் பாதிக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும். ஹாலோ பிளாக், செங்கல் இரண்டும் கூடவே கூடாது. ஒரு முனையில் அழுத்தம் விழுந்தால் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

இந்த வழியில் எனக்குப் பயமான இடம் ஒன்று உண்டு. பாட்டில் ஜாக்கி ஒரே மூச்சில் ஒரு சாண் அளவுதான் ஏறும். அதற்கு மேல் போக, ஜாக்கியையே ஒரு கட்டை அடுக்கின் மேல் ஏற்ற வேண்டும். இரண்டடி உயரத்துக்குப் பிறகு, கட்டை மேல் ஜாக்கி, ஜாக்கி மேல் பலகை, பலகை மேல் கேபின் என்று போகும்போது ஒரு பக்கம் லேசாகச் சரிந்தாலும் மற்ற மூன்று மூலையும் அதோடு போகும். ஒரு சாண் வரை தூக்க இதைவிட நல்ல வழி இல்லை. மூன்றடிக்கு இதை நம்புவதென்றால், பொறுமையும் கூடவே இருக்க ஒரு நல்ல துணையும் வேண்டும். அவசரக்காரர்களுக்கு இது வேண்டாம்.

எஞ்சின் கிரேன்

வாடகைக்குச் சுலபமாகக் கிடைக்கிறது என்பதால் நிறைய பேர் முதலில் நினைப்பது இதைத்தான். இரண்டு டன் என்று எழுதியிருக்கும். அந்த இரண்டு டன், கையை முழுக்க உள்ளே இழுத்து வைத்திருக்கும்போது. முழுக்க நீட்டினால் பெரும்பாலான கிரேன்களில் அது அரை டன்னாக இறங்கிவிடும். கையிலேயே துளைக்குத் துளை எழுதியிருக்கும், பாருங்கள். கேபினின் நடுவுக்குக் கொக்கி போக வேண்டுமென்றால் நீட்டித்தான் ஆக வேண்டும். 500 கிலோ கேபினுக்கு 500 கிலோ கிரேன் என்பது எனக்கு ஒப்பாத கணக்கு.

எடையைச் சமாளித்தாலும், கிரேனின் கால்கள் சேசிஸுக்கு அடியில், முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும். சேசிஸை உருட்டினால் பின் டயர் காலில் வந்து நிற்கும். ஆகவே தூக்கி, குறுக்குப் பைப்பையும் கட்டை அடுக்கையும் கொடுத்து, கிரேனை வெளியே எடுத்த பிறகுதான் உருட்ட முடியும். அதாவது கட்டை அடுக்கும் வேலை அப்படியே மிச்சம் இருக்கிறது. கதவு, சீட்டு, டேஷ்போர்டு எல்லாம் கழற்றிய சிங்கிள் கேபினுக்கு இது சரி. டபுள் கேபினுக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஹைட்ரா

காலி மனையில் வண்டி நின்றால், ஹைட்ரா (சக்கரத்தில் ஓடி வரும் மொபைல் கிரேன்) வந்து அரை மணியில் வேலையை முடித்துவிட்டுப் போகும். கேபின் எவ்வளவு எடை என்று அந்த வண்டி கவலைப்படாது. ஆனால் போர்டிகோவுக்குள் அதன் கை வராது; வண்டி வானத்தைப் பார்த்து நிற்க வேண்டும். தெருவில் வைத்துத் தூக்கலாம் என்று நினைத்தால் மேலே மின்கம்பி, கேபிள் டிவி ஒயர், இன்டர்நெட் ஒயர் எல்லாம் குறுக்கே போகும். மடிப்பாக்கத்துத் தெருக்களில் நான் அண்ணாந்து பார்த்ததில் ஹைட்ரா கையை நிமிர்த்த ஓர் இடம் தேறவில்லை.

கொக்கி ஒன்றுதான் என்பதால் பெல்ட் சாய்வாக இறங்கும். சாய்வு அதிகமாக ஆக பெல்ட்டின் இழுப்பும் ஏறும். நேராகத் தொங்கும் இரண்டு பெல்ட்கள் ஆளுக்குப் பாதி எடையைத் தாங்கும். அதே பெல்ட்கள் படுக்கைக் கோட்டிலிருந்து 30 டிகிரிக்குச் சாய்ந்தால் ஒவ்வொன்றும் முழு எடையளவு இழுபடும். அந்த இழுப்பு கேபினின் கூரை ஓரத்தை உள்ளே நெரிக்கும். மேலே ஓர் இரும்புச் சட்டம் போட்டு, அதன் முனைகளிலிருந்து பெல்ட்டை நேராக இறக்கினால் இந்தத் தொல்லை இல்லை. சட்டம் இல்லாமல் வரும் ஹைட்ராக்காரரைத் தூக்கவிடாதீர்கள். இன்னொன்று, இறக்குவதற்கும் அதே வண்டி மறுபடி வர வேண்டும். இறக்கும்போது மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்த வேண்டிய வேலையில், இவ்வளவு பெரிய வண்டியின் ஆபரேட்டர் கை எப்படி என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

ஒர்க்‌ஷாப்பின் இரட்டைத் தூண் லிஃப்ட்

தொழில்முறையில் இதுதான் சரியான வழி. லிஃப்டின் நான்கு கைகளையும் கேபின் அடியில் கொடுத்துத் தூக்கினால், சேசிஸ் தன் டயரிலேயே தரையில் நிற்கும், உருட்டி எடுத்துக்கொள்ளலாம். அம்பத்தூர், கிண்டி, பாடி பக்கம் இப்படிப்பட்ட லிஃப்ட் உள்ள ஒர்க்‌ஷாப்கள் நிறைய உண்டு. வேலை இரண்டு நாளில் முடியுமென்றால் யோசிக்காமல் அங்கே போகலாம். சேசிஸ் சுரண்டி, ஒட்டி, பெயின்ட் காய்ந்து வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். அத்தனை நாள் எந்த ஒர்க்‌ஷாப்காரர் லிஃப்டை விட்டுக்கொடுப்பார்? கேபினைத் தூக்கி ஒரு சக்கர ஸ்டாண்டில் இறக்கிக் கொடுக்கச் சொல்லி, மீதியை வேறிடத்தில் பார்ப்பதென்றால் அதையும் பேசிப் பார்க்கலாம்.

எட்டு பேரைக் கூப்பிட்டுத் தூக்குவது பற்றிக் கேட்பவர்களும் உண்டு. வெறும் தகடாக இருக்கும் கேபினை ஆட்கள் தூக்க முடியும் என்பது உண்மை. ஆனால் எஞ்சினைத் தாண்டி, சேசிஸைத் தாண்டி நடக்க வேண்டும். நடுவில் இறக்கி வைத்து மூச்சு வாங்க இடம் கிடையாது. துருப்பிடித்த தகட்டின் ஓரம் கையைக் கிழிக்கும். வேண்டாம். அதேபோல வேப்பமரக் கிளை, போர்டிகோ பீம், ஃபேன் கொக்கி எதிலும் செயின் பிளாக்கை மாட்டாதீர்கள். போர்டிகோ பீம் கூரையைத் தாங்கக் கட்டியது. அதன் நடுவில் அரை டன் தொங்கும் என்று கட்டியவர் நினைத்திருக்க மாட்டார்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது: இரண்டு கேன்ட்ரி, நான்கு செயின் பிளாக்

கேன்ட்ரி என்றால் இரண்டு பக்கமும் ஏ வடிவக் கால், மேலே குறுக்கே ஓர் ஐ பீம். வெல்டிங் கடையில் சொல்லிச் செய்துகொள்ளலாம். ஒன்று கேபினின் முன் தூணுக்கு நேராக, இன்னொன்று பின் சுவருக்கு நேராக. ஒவ்வொன்றிலும் இரண்டு செயின் பிளாக், கேபினின் இரண்டு பக்கமும் தொங்கும்படி. அவற்றின் கொக்கி, கேபின் அடியில் நுழைத்த குறுக்குப் பைப்பின் முனைகளில் பெல்ட்டால் மாட்டப்படும். பெல்ட் நழுவாமல் இருக்கப் பைப்பின் நான்கு முனைகளிலும் ஒரு தடுப்புத் தகடு வெல்டிங் செய்ய வேண்டும்.

இந்த அமைப்பில் எனக்குப் பிடித்த விஷயம், செயின் பிளாக் கூரைக்கு மேலே தொங்காமல் கேபினுக்குப் பக்கத்தில் தொங்குவதுதான். கூரை 215 சென்டிமீட்டரில் நிற்கும்போது பீமின் அடி 230-ல் இருந்தால் போதும். ஒன்பது அடி போர்டிகோவுக்குள் வேலை முடிகிறது. பெல்ட் நேராக இறங்குவதால் கூரை ஓரத்தில் நெரிசலே இல்லை. சேசிஸ் போகும் பாதையும் திறந்தே இருக்கும். நான்கு மூலையையும் தனித்தனியாக ஏற்றி இறக்கலாம். முன்பக்கக் கனத்தால் மூக்கு சாய்ந்தால் முன் சங்கிலிகளை நாலு இழுப்பு இழுத்தால் சமமாகிவிடும்.

குறை என்னவென்றால் அகலம். கால்களுக்கு நடுவே பத்து அடியாவது வேண்டும். அரை கிரவுண்டு மனையில் கட்டிய வீட்டில் போர்டிகோ அந்த அளவு இருந்தால் அதிர்ஷ்டம். செய்வதற்குச் செலவும் ஆகும். வேலை முடிந்த பிறகு அதை வைக்க இடமும் வேண்டும். எங்களுக்கு, கேபின் வாரக்கணக்கில் மேலே இருக்கப்போகிறது என்பதால் அந்தச் செலவு நியாயமாகப் பட்டது.

செயின் பிளாக் பாரிமுனை, மண்ணடி பக்கத்துக் கடைகளில் கிடைக்கும். ஒரு டன் போதும். கையால் இழுக்கும் செயின் பிளாக்குக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 3832, அது பொறித்திருக்கிறதா, கொக்கியில் பூட்டு நாக்கு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழையது வாங்கினால் கொக்கியின் வாய் விரிந்திருக்கிறதா, சங்கிலிக் கண்ணி தேய்ந்திருக்கிறதா என்று கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். செலவைக் குறைக்க சென்ட்ரிங் கடையில் வாடகைக்குக் கிடைக்கும் முட்டுகளைக் காலாக வைக்கலாமா என்று மச்சான் கேட்டார். அது கான்கிரீட்டைக் கீழிருந்து நேராகத் தாங்கச் செய்தது. பக்கவாட்டில் தள்ளு விழுந்தால் மடங்கிவிடும்.

எந்த வழியாக இருந்தாலும் தப்பாதவை

சென்னை வீடுகளில் போர்டிகோவுக்கு அடியில் பெரும்பாலும் தண்ணீர்ச் சம்ப் இருக்கும்; சிலவற்றில் செப்டிக் டேங்க்கும். கார் டயர் ஏறி நிற்பதால் அதன் மூடி எதையும் தாங்கும் என்று நினைக்காதீர்கள். டயர் எடையைப் பரப்பி விடும். ஜாக்கியின் அடியோ கேன்ட்ரியின் காலோ முழு எடையையும் ஒரு கையகலத்தில் இறக்கும். சம்ப் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டுவிட்டு, அதற்கு வெளியேதான் எதையும் நிறுத்த வேண்டும். டைல்ஸ் தரை, பேவர் பிளாக், மணல் எதுவாக இருந்தாலும் ஒவ்வொரு காலுக்கும் அடியில் இரும்புத் தகடோ கனமான பலகையோ கொடுங்கள்.

கதவைக் கழற்றினால் எடை குறையும். ஆனால் தரைத் தகடு அரித்துப்போன கேபினில், கதவு இல்லாத அந்தப் பெரிய திறப்புதான் முதலில் வளையும். வளைந்த பிறகு கதவு என்றைக்கும் சரியாகப் பொருந்தாது. முன் தூணுக்கும் நடுத் தூணுக்கும் இடையே ஒரு சதுரப் பைப்பைத் தற்காலிகமாக வெல்டிங் வைத்துவிட்டுத் தூக்குங்கள்.

கேபின் போல்ட்டுகள் துருவில் இறுகியிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே விட்டு ஊறவிட வேண்டும். கேஸ் வைத்துச் சுட்டால் ரப்பர் எரியும், பக்கத்தில் டீசல் பைப் ஓடுகிறது. கிரைண்டரால் வெட்டுவதென்றாலும் அந்தப் பைப்பை மூடிவிட்டு வெட்டுங்கள். போல்ட்டோடு சேர்ந்து கேபின் உள்ளே இருக்கும் நட்டும் சுற்ற ஆரம்பித்தால், தரைக் கார்ப்பெட்டை விலக்கி, மேலிருந்து ஒரு சிறு ஜன்னல் வெட்டி நட்டைப் பிடிப்பதுதான் வழி. சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தை மட்டும் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். அங்கே கிரைண்டர் பட்டால் எஃப்சிக்கு (ஃபிட்னஸ் சான்றிதழுக்கு) போகும்போது பெரிய தலைவலி.

பேட்டரி நெகட்டிவ்வை முதலில் எடுக்க வேண்டும். ஏர்பேக் உள்ள வண்டியானால் அதன் பிறகு சில நிமிஷம் காத்திருந்துதான் மற்ற ஒயர்களைத் தொட வேண்டும். ஏசி கேஸை ஏசி மெக்கானிக்கை வைத்து இறக்கிக்கொள்ளுங்கள், காற்றில் திறந்துவிடக் கூடாது. ஸ்டியரிங்கை நேராக வைத்துக் கட்டிவிட்டு, அடியில் இருக்கும் இணைப்புத் தண்டில் பெயின்ட்டால் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். பிரேக், கிளட்ச் பைப்களின் வாயை மூடுங்கள். பிரேக் ஆயில் பட்ட பெயின்ட் உரிந்துவிடும். ஹீட்டர் ஹோஸ், கியர் லீவர், ஹேண்ட்பிரேக் கேபிள், ஆக்சிலரேட்டர், எஞ்சின் ஒயரிங் எல்லாம் எடுத்தாயிற்று என்று நினைக்கும்போது நிச்சயம் ஒன்று மிச்சம் இருக்கும்.

அதனால் முதல் ஐந்து சென்டிமீட்டரில் நிறுத்துங்கள். பழைய ரப்பர் பிராக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு, நீண்டு, பட்டென்று விடும்; அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பதறக் கூடாது. கேபின் லேசாக ஆடி அடங்கியதும், அடியில் நுழையாமல் பக்கத்தில் மண்டியிட்டு டார்ச் அடித்து ஒரு சுற்று வாருங்கள். கேம்பரில் எஞ்சினுக்குப் பின்னால், கேபின் தடுப்புச் சுவரில், என் சுண்டுவிரல் அளவு ஓர் எர்த் பட்டை இறுகிக்கொண்டு நின்றது. மேலிருந்து பார்த்தபோது அது யார் கண்ணிலும் படவில்லை. அங்கே நிறுத்தாமல் இழுத்திருந்தால் அதன் போல்ட் தகட்டோடு பிய்த்துக்கொண்டு வந்திருக்கும்.

நேரமும் முக்கியம். திறந்த இடமானால் தூக்கும் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்; மதியம் கடல் காற்று எழுந்தால் தொங்கும் கேபின் காற்றை வாங்கி ஆட ஆரம்பிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த வேலையை எடுக்கவே கூடாது. பொங்கல் முடிந்து ஆரம்பித்தால் பெயின்ட் காய வெயிலும் கிடைக்கும். ஸ்டில்ட் பார்க்கிங்கில் செய்பவர்கள், இபி மீட்டர் பெட்டிகளும் மற்றவர்களின் பைக்குகளும் அங்கேதான் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். அங்கே கேபினைத் தூக்கி வைக்கலாம்; வெட்டுவதும் வெல்டிங்கும் சேசிஸை வெளியே உருட்டிய பிறகுதான்.

கேபின் உயரம் வந்ததும், செயின் பிளாக்கிலேயே தொங்கவிட்டு வேலையைத் தொடரக் கூடாது. குறுக்குப் பைப்பின் நான்கு முனைகளுக்கும் அடியில் கட்டை அடுக்கு கொடுத்து, எடையை அதன் மேல் இறக்கிவிட்டுத்தான் யாராக இருந்தாலும் அடியில் கையை நீட்ட வேண்டும். கேன்ட்ரியை அப்படியே பிடிமானத்துக்கு விட்டு வையுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்தப் பக்கம் கயிறு கட்டி மறித்துவிடுங்கள்.

திரும்ப இறக்கும்போதுதான் செயின் பிளாக்கின் அருமை தெரியும். மூலைவிட்டமாக இரண்டு போல்ட் துளைகளில் கூர்முனைக் கம்பியை விட்டுத் துளைக்குத் துளை நேராக்கி, மற்ற போல்ட்டுகளைக் கையால் சில சுற்று ஏற்றி, எல்லாம் பிடித்த பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும். ஒன்றை இறுக்கிவிட்டு அடுத்ததைத் தேடினால் கடைசித் துளை பாதி மறைந்து நிற்கும். ரப்பரும் போல்ட்டும் புதிதாகவே போடுங்கள். புதுப்பேட்டையில் கேபின், கதவு, மட்கார்டு எல்லாம் பழையது வாங்கலாம். ரப்பரைப் பழையதாக வாங்குவதில் அர்த்தமில்லை. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் புதிது கிடைக்கும். பிரேக்கில் காற்று எடுத்து, ஸ்டியரிங் கோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகு வண்டியை எடுக்கலாம். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ரப்பர்கள் அமுங்கியிருக்கும். அப்போது கேபின் போல்ட்டுகள் எல்லாவற்றையும் வண்டியின் கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு இன்னொரு முறை இறுக்க வேண்டும்.